துண்டு போட்ட முதலை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை வேம்பு சொன்னது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தார். வந்த பஸ்களை எல்லாம் விட்டுவிட்டு நின்றபடியே கேட்டேன். முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதுங்க, வாணாங்கல. ஆனா எங்கள பாவப்பட்ட சனமா எழுதுனீங்கன்னா வூடு தேடி வந்து சண்ட போடுவேன்."

அப்போது சிரித்தேன். எழுத உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கூலிக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதுவதென்றால் என் கைக்கு இரக்கம் ஒன்றுதான் பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் எழுதிய முதல் தொடக்கத்தைப் பாருங்கள்:

'மெலிந்த விரல்களுக்கிடையே சாக்பீஸைப் பிடித்தபடி அந்த இருண்ட கூடத்தில் வேம்பு நின்றாள். எதிரே, நாளெல்லாம் குனிந்து களைத்த பெண்கள், விளக்கின் மங்கிய ஒளியில் —'

(நிறுத்தினேன். வேம்புவின் விரல்கள் மெலிந்தவை அல்ல. பை நிறையக் கத்தரிக்காயை ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு கதை சொன்னவர் அவர்.)

இரண்டாவது தொடக்கம்:

'ஏறத்தாழ இருபத்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் நிலமெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கிடந்த காலத்தில், முதல் டைனோசர்கள் —'

(இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இடையில் புகுந்து கேள்வி கேட்க ஆளில்லாத வாக்கியம் இது. வேம்புவும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆரம்பித்தாராம். ஒரே நிமிஷத்தில் மறித்துவிட்டார்கள்.)

மூன்றாவது:

'வைரக்கண்ணு கொடியவர்.'

(இதையும் அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. மேலும், அது உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.)

ஆகவே இந்தக் கதைக்குத் தொடக்கம் கிடையாது. நேராக உள்ளே போகலாம்.

2

வருஷம் 1979. இடம், ஆண்டிமடத்துக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவில் முந்திரிக் கொல்லைகளுக்குள் கிடக்கும் ஓர் ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் 'எங்க ஊர்ல அப்படியெல்லாம் நடக்கல' என்பார்கள். சொல்லாவிட்டால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் 'இது எங்க ஊருதான்' என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

ஊர் தனி, காலனி தனி. காலனியின் முகப்பில், ஊர் ரோட்டைப் பார்த்தபடி, சிமெண்டு ஓடு போட்ட ஒரு சமுதாயக் கூடம். அதில் அப்போது புதிதாக வந்திருந்த முதியோர் கல்வி வகுப்பு நடந்தது. பாடம் நடத்தியவர் வேம்பு. காலனியிலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண். சர்க்கார் கையால் சம்பளம் என்று எதையாவது வாங்கிய முதல் ஆளும் அவர்தான். அப்பா அரியமுத்து, வைரக்கண்ணுவின் முந்திரிக் கொல்லையில் காவல்காரர்.

வைரக்கண்ணு ஊரின் பெரிய கொல்லைக்காரர். ஒரு காலத்தில் பஞ்சாயத்துத் தலைவர். தேர்தல் நடந்து வெகுகாலம் ஆகியும், பதவி போயும், ஊர் அவரைப் 'பிரசிடெண்டு' என்றுதான் கூப்பிட்டது. வெள்ளைச் சட்டை. தோளில் பச்சைக்கரை போட்ட வெள்ளைத் துண்டு. கூடத்துக்கு ஓடு போட அலைந்து திரிந்து சாங்ஷன் வாங்கியவரும் அவர்தான். இதையும் சொல்லியாக வேண்டும். நல்லது செய்தவரை எதிர்ப்பதுதான் கஷ்டம்.

வகுப்புக்கு வந்தவர்கள் முந்திரிக் கொட்டை பொறுக்கும் பெண்கள். பொழுது சாய்ந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருவார்கள். அவர்களில் வாய்க்காரி பூமாலை. வேம்புவுக்கு அத்தை முறை. ஒரு நாள் பூமாலை சிலேட்டைக் கீழே வைத்துவிட்டாராம்.

"ஏ வேம்பு, விடிஞ்சதுலருந்து மண்ணத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கறோம். பொழுது போனா நீயும் 'மண்ணு'ன்னு எழுதச் சொல்ற. வேற எதனா சொல்லேன்."

வேம்பு ஆண்டிமடம் நூலகத்தில் ஒரு சிறுவர் அறிவியல் பத்திரிகையைப் படித்திருந்தார். டைனோசர்கள் முதன்முதலில் தோன்றியபோது பூமி எப்படி இருந்தது என்று ஒரு கட்டுரை. சிலேட்டுப் பாடத்திலிருந்து தப்பிக்க, அதைச் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவுதான் காரணம். புரட்சி எதையும் அவர் மனதில் வைத்திருக்கவில்லை.

3

"அப்ப நெலமெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கெடந்துச்சு. இந்த நாடு அந்த நாடுன்னு கெடயாது. இங்கருந்து நடந்தே ஆப்பிரிக்கா போலாம்."

"எதுக்குப் போவணும்?" என்றார் பூமாலை.

"போவணும்னு இல்லத்த. போலாம்னு சொல்றேன்."

"நடுவுல வேலி?"

"வேலியெல்லாம் ஏது?"

காலனியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக வேண்டுமானால் வைரக்கண்ணு கொல்லையின் முள்வேலியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த வீராயி கேட்டாள். "புல்லு இருந்துச்சா?"

"புல்லே இல்ல."

"அப்ப ஆடு மாட்டுக்கு?"

"ஆடும் இல்ல, மாடும் இல்ல. பூவும் இல்ல. பூன்னு ஒண்ணு வர்றதுக்கு இன்னும் வெகுகாலம் கெடந்துச்சு."

"அப்ப எனக்குப் பேரு வெக்க முடியாது" என்றார் பூமாலை.

கூடமே சிரித்தது. வேம்புவுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. முந்திரி இல்லை, நெல் இல்லை, மனுஷர் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக வீராயி கேட்டாள்.

"அப்ப அந்த நெலமெல்லாம் யாருது?"

"யாருதும் இல்ல."

"பட்டா?"

"யாரு பேர்ல குடுக்கறது?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லையாம். விளக்கின் திரியை ஏற்றிவிட்டு வேம்பு மேலே சொன்னார்.

(இந்த இடத்தில் நான் குறுக்கே வருகிறேன். வேம்பு வாயால் அந்த நிலத்தைச் சொன்னார். எனக்கு அதைப் பார்க்க வேண்டும். நீங்களும் வாருங்கள்.

மண் சிவப்பு. முந்திரிக் கொல்லை மண்ணைப் போலவே, ஆனால் முடிவே இல்லாமல். கடல் வெகுதூரத்தில் இருப்பதால் உள்நாட்டில் மழை எட்டிப்பார்ப்பதில்லை. பார்த்தால் ஊழிபோல் கொட்டுகிறது. ஆற்றோரங்களில் மட்டும் பச்சை: பெரணிகள், ஈச்ச மரம் போன்ற குட்டை மரங்கள், ஊசியிலை மரங்கள். தேனீ இல்லை. குருவி இல்லை. வாசனை என்றால் ஈர மண்ணின் வாசனை, அழுகிய இலையின் வாசனை, அவ்வளவுதான். தும்பி மட்டும் பறக்கிறது. அந்த ஆற்றங்கரையில் ஒருவர் உட்கார்ந்து, இனி இந்த உலகம் யாருக்கு என்று கணித்திருந்தால், நிச்சயம் தப்பாகத்தான் கணித்திருப்பார்.)

"அப்பத்தான் டைனோசர் மொதமொதல்ல வந்துச்சு" என்றார் வேம்பு.

"எந்தம்பி சொல்லிருக்கான், அது பன ஒசரம் இருக்குமாம்" என்றாள் வீராயி. தம்பிக்கு அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை.

"அது அப்பறம். மொதல்ல வந்தது நாய் ஒசரந்தான். ரெண்டு கால்ல குடுகுடுன்னு ஓடும். அப்ப பெரியாளு வேற. மொதல சாதியில பெருசு பெருசா, நெட்டக் காலு வெச்சுக்கிட்டு, தரையில நடமாடிக்கிட்டு இருந்துச்சுங்க. ஆத்தங்கர முச்சூடும் அதுங்க ராச்சியம். இதுங்க ஓரமா ஓடி, கெடச்சதத் தின்னு, பொழச்சுக் கெடந்துச்சுங்க."

"அப்பறம்?"

"ரொம்பக் காலம் கழிச்சு ஒரு பெரிய அழிவு வந்துச்சு. பெருசுங்கள்ல முக்காவாசி செத்துப்போச்சு. சின்னதுங்க தங்கிடுச்சு."

"பெருசுங்க ஏன் செத்துச்சு?"

"பொஸ்தகத்துல போடல."*

"தின்னு தின்னு செத்திருக்கும்" என்றார் பூமாலை.

* இப்போது எரிமலைகளைக் காரணம் சொல்கிறார்கள். நிலப்பரப்பு பிளந்து, நெருப்புக் குழம்பு பரவி, காற்றே கெட்டுப்போனதாம். பூமாலை சொன்ன காரணத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் அடிக்குறிப்பில் அவரை மறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

4

கதையின் இவ்வளவு பகுதியை ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் காட்டினேன். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். படித்துவிட்டு, "இடம் பொருந்தலையே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அரியலூர்ப் பாறைகள் ஒரு பழைய கடல் விட்டுச்சென்றவை. அவை டைனோசர்களின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தவை. டைனோசர்கள் தோன்றிய காலத்தின் பாறையைப் பார்க்க வேண்டுமானால் வேறு ஊருக்குப் போக வேண்டும். "ஒண்ணு காலத்த மாத்துங்க, இல்லன்னா ஊர மாத்துங்க" என்றார்.

இரண்டையும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வாதம் இது. தன் காலடியில் இருக்கிற கல்லைப் பற்றி மட்டும்தான் ஒருத்தி யோசிக்கலாம் என்று யார் சட்டம் போட்டது? பண்ணை வேலைக்குப் போகிறவள் பண்ணையைப் பற்றித்தான் கதை பேச வேண்டும், காலனிக்காரி காலனியைப் பற்றித்தான் கனவு காண வேண்டும் என்பதன் இன்னொரு வடிவம்தான் இது. பூமாலைக்கு அரியலூர்க் கடலில் அக்கறை இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத அந்தச் சிவப்பு நிலம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும்.

கதை பிரசுரமாகாமல் திரும்பி வந்தது. இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

5

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி வேம்புவுக்கு வாய் வலித்தது. "படமாப் போட்டுடலாம், வேணுங்கறப்பப் பாத்துக்கங்க" என்றார். கூடத்தின் வெளிச்சுவர் வெறுமையாகத்தான் இருந்தது. ரோட்டைப் பார்த்த சுவர்.

செம்மண்ணைக் கரைத்து நிலம் போட்டார்கள். கரியால் கோடு. கோவை இலையைக் கசக்கித் தேய்த்துப் பச்சை. சுண்ணாம்பில் வெள்ளை. வீராயி பெரணிகளைப் போட்டாள். எல்லாம் முருங்கைக் கீரை மாதிரி வந்தன. வேம்பு டைனோசரைப் போட்டார்: இடது மூலையில், நாய் உயரத்தில், வாலை நீட்டி, ஓடுகிற மாதிரி. நடுவில் அந்தப் பெரிய முதலையைப் போட்டவர் பூமாலை.

போட்டு முடித்தபோது அதன் கழுத்தில் வெள்ளையாக ஒரு பட்டை கிடந்தது. ஓரத்தில் பச்சைக்கரை.

"இது என்னத்த?"

"மொதலைக்குக் கழுத்துல வரி இருக்காதா?"

"இருக்குமோ என்னமோ."

"அப்ப வரிதான்."

நான் பஸ் ஸ்டாண்டில் வேம்புவிடம் கேட்டேன். "வேணும்னேதான் போட்டாங்களா?"

"நானும் அப்பறமா ஒரு நா கேட்டங்க. 'மொதலைக்கும் வேர்க்கும்ல'ன்னாங்க."

ஒரு பாத்திரம் தன்னை முழுசாகக் காட்ட மறுத்தால் எழுத்தாளன் உள்ளே புகுந்து பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. பூமாலையின் மனசுக்குள் புகுந்து இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்றில் அவர் திட்டமிட்டே வரைந்தார். மற்றதில் கை தானாக, தினமும் பார்த்ததை வரைந்துவிட்டது. இரண்டையும் கிழித்துவிட்டேன். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஒரு விஷயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வேன் என்றால், வைத்துக்கொள்ளட்டும்.

6

வைரக்கண்ணு படத்தைப் பார்த்து முதலில் சிரித்தார் என்கிறார் வேம்பு. அதை நம்புகிறேன். டீக்கடையில் யாரோ, "பிரசிடெண்டு, காலனியில உங்க படம் போட்டிருக்காங்களாமே" என்று கேட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை ரோட்டில் வந்து நின்றார். காலனிக்குள் கால் வைக்கவில்லை. அது அவர் வழக்கமில்லை. அங்கிருந்தே கூப்பிட்டார்.

"வேம்பு, சொவத்துல என்னம்மா அது?"

"பாடங்கய்யா."

"மொதல பாடமா?"

"டைனோசர் மொதமொதல்ல வந்தப்ப இருந்ததுங்கய்யா."

"அந்த மூலையில ஓடுதே, அது?"

"அதுதாங்க டைனோசர்."

"பொடிசா இருக்கு."

"ஆமாங்கய்யா."

"அது எங்க ஓடுது?"

வேம்புவுக்குக் கால் நடுங்கியதாம். (இதை எழுதலாமா என்று கேட்டேன். "நடுங்குச்சுதான், எழுதுங்க. நடுங்கிக்கிட்டேதான் சொன்னேன்" என்றார்.)

"அது எங்கயும் போவலீங்கய்யா. தங்கிடுச்சு. பெருசுதான் போயிடுச்சு."

வைரக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி தோளில் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்பு அடிச்சிடு. அடிக்கற வரைக்கும் எங் கொல்லையில இந்தத் தெருவு ஆளுவ ஒருத்தரும் காலு வெக்க வேணாம்."

குடிசைக்குள்ளிருந்து பூமாலையின் குரல் மட்டும் வந்தது.

"வெக்கலீங்க."

சித்திரை பிறக்கும் நேரம். முந்திரி பழுத்து விழுகிற காலம். அந்த வேலையை விட்டால் காலனிக்கு வேறு வேலை இல்லை. அந்த ஆட்களை விட்டால் கொல்லைக்கும் வேறு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் இது தெரியும்.

முதியோர் கல்வி சூப்பர்வைசர் ராசாங்கம் சைக்கிளில் வந்தார். படத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். பிறகு, "அடிச்சுடும்மா. சென்டரயே மூடிருவாங்க. உன் வேலயும் போயிரும். ஒரு சொவத்துக்காவ வேணாம்மா" என்றார்.

"அந்தத் துண்ட மட்டும் அழிச்சாப் போதுமா சார்?"

ராசாங்கம் வைரக்கண்ணுவிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார். போதாதாம். துண்டை மட்டும் அழித்தால் அது யார் துண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். மொத்தமும் போக வேண்டுமாம்.

"மொத்தமும்னா முடியாதுங்க சார்" என்றார் வேம்பு.

அன்று வீட்டில் அப்பா அரியமுத்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். அவரைக் காவல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

"ஒரு மொதலைக்காவ எம் பொழப்பு போவணுமா?"

"மொதலைக்காவ இல்லப்பா."

"பின்ன எதுக்கு?"

வேம்புவுக்குப் பதில் தெரியவில்லை.

(எனக்குத் தெரிந்தது. அவர் வாயில் அருமையான பதில் ஒன்றை வைத்தேன். மானம், மனிதம், வரலாறு எல்லாம் அதில் இருந்தன. படித்துப் பார்த்தேன். எந்த மகளும் எந்த அப்பனிடமும் அப்படிப் பேசியதில்லை. அடித்துவிட்டேன். தெரியவில்லை என்பதுதான் நடந்தது. தெரியாமலேயே அவர் விட்டுக்கொடுக்கவில்லை.)

கொட்டை விழுந்தது விழுந்தபடி கிடந்தது. அழுகிய முந்திரிப் பழத்தின் புளித்த வாடை காலனி வரைக்கும் வந்தது. காலனியில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. இதை எழுதாமல் விட்டால் பொய். இதற்குமேல் எழுதினால் வேம்பு வீடு தேடி வருவார்.

7

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அது முடிவு மாதிரி ஆகிவிடும். முடிவு மாதிரி இருக்கும் எதையும் இந்தக் கதையின் கடைசியில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தச் சென்டர் மூடப்பட்டது. வேம்புவின் வேலை போனது. அவர் ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டார், இடம் கிடைத்தது, பெரம்பலூர்ப் பக்கம் வாத்தியாரம்மாவாகப் போய், தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றார். அரியமுத்து அரியலூர்ப் பக்கம் சுரங்க வேலைக்குப் போனார். கொட்டை விழுந்து அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கொல்லை மேஸ்திரியே காலனிக்கு வந்து பெண்களைக் கூப்பிட்டார். போனார்கள். ஆனால் முள்வேலியில் ஒரு வழி விட்டால்தான் வருவோம் என்று சொல்லி, அந்த வழியாகத்தான் போனார்கள். அது இன்றும் இருக்கிறதாம். பூமாலை தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அதற்குமேல் படிக்கவில்லை. "எம் பேரு போதும்" என்றாராம்.

ஆக, ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கேட்டால், வேலை போனது, வழி வந்தது. நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒரு பகல்பொழுதை.

8

சுவரைத் தொட காலனியில் ஆள் கிடைக்கவில்லை. ஊரிலும் யாரும் முன்வரவில்லை. அந்தச் சண்டைக்குள் மாட்டிக்கொள்ள அவர்களுக்கு இஷ்டமில்லை. வைரக்கண்ணு ஜெயங்கொண்டம் பக்கமிருந்து வெள்ளையடிக்கிற இரண்டு பேரைக் கூட்டி வந்தார். சுண்ணாம்பு, வாளி, பூசுகிற மட்டை எல்லாம் அவருடைய மாட்டு வண்டியில் வந்தன. வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு அவர் புளியமர நிழலில் நின்றுகொண்டார்.

வந்தவர்கள் சுண்ணாம்பைக் கரைத்தார்கள். கரைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான இருக்கு, இத ஏன் அழிக்கணும்? என்ன படம் இது?" என்றார் ஒருவர். அவர் பெயர் மாயவன் என்று பிறகு தெரிந்தது.

காலனிப் பெண்கள் எல்லாரும் கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தடுக்கவில்லை, கத்தவில்லை. வேலை இல்லாததால் உட்கார்ந்திருந்தார்கள். பூமாலை எழுந்து போனார்.

"தெரியாதா ஒங்களுக்கு? இது ஒலகம். அப்ப வேலி கெடயாது. பட்டா கெடயாது. பூவு கூடக் கெடயாது. இங்க பாத்தீங்களா, இது பெரிய மொதல. ஆத்தங்கர முச்சூடும் தன்னுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. இந்தா, இதுதான் டைனோசரு. நாய் ஒசரந்தான். நேத்து வந்த பயலுக்கு இங்க என்னடா வேலன்னு தொரத்தியிருக்கும், இல்ல? ஆனா பாருங்க, இது ஓடிக்கிட்டே நின்னுச்சு."

(ஓடிக்கொண்டே நின்றது! இலக்கணப்படி இதைத் திருத்த வேண்டும். திருத்தப் போவதில்லை.)

"அப்பறம்?" என்றார் மாயவன். மட்டையை வாளியில் போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இன்னொருவரும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பூமாலை அழிவு வரைக்கும் சொன்னார். புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் காலத்தில் பகல்பொழுது இப்போதைவிடக் கொஞ்சம் குட்டை என்று வேம்பு எப்போதோ சொன்னது ஞாபகம் வர, "அதனால சீக்கிரமே வேல வுட்டுடுவாங்க" என்றார்.

நிழலில் நின்ற வைரக்கண்ணு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கூலிக்குக் கூட்டி வந்த ஆட்கள் உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். "டேய்!" என்று ஒரு சத்தம் போட்டார். மாயவன் திரும்பிப் பார்த்து, "இதோ வந்துட்டங்க, கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றார்.

வைரக்கண்ணு ரோட்டை விட்டு இறங்கினார். அவர் கால் காலனி மண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை என்கிறார் வேம்பு. நேராகச் சுவருக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வாளியிலிருந்து மட்டையை எடுத்தார்.

தானே அடிக்க ஆரம்பித்தார்.

உச்சி வெயில். அவருக்கு அந்த வேலை பழக்கமில்லை. சுண்ணாம்பு சட்டையில் தெறித்தது, கண்ணில் தெறித்தது. முதல் கோட்டில் வானம் போனது. இரண்டாவதில் முருங்கைக் கீரைக் காடு போனது. காலனி மொத்தமும் வந்துவிட்டது. அரியமுத்துவும் வந்தார். மகளிடம் பேசவில்லை. ஆனால் பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் பூமாலை, மரத்தடியில் காலை நீட்டிப் போட்டபடி, சாதாரணக் குரலில் சொன்னார்.

"அய்யா, அந்தக் கீழ் மூலயில வுட்டுப்போச்சு பாருங்க."

கொல்லையில் மேஸ்திரி தினமும் அவர்களிடம் சொல்கிற வார்த்தை அது. 'அந்த மரத்தடியில வுட்டுப்போச்சு பாரு.' அதே ராகத்தில் சொன்னாராம்.

வைரக்கண்ணு கீழ் மூலையைப் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது. குனிந்து அடித்தார்.

வீராயி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேம்பு சிரிக்கவில்லை. தான் வரைந்த அந்தச் சின்ன டைனோசரின் மேல் மட்டை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே, இத்தனை நாள் இருந்த பயம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தாராம், கிடைக்கவில்லையாம். "அழிக்கறதுக்கு அவரே வர வேண்டியிருந்துச்சு பாத்தீங்களா? ஆளு வெச்சு முடியல" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சமும் இரக்கம் இல்லை, வைரக்கண்ணுவின் மேலும் சரி, தன் மேலும் சரி.

9

சுவர் முழுக்க வெள்ளையானபோது வைரக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது. மட்டையைக் கீழே போட்டார். சுவரில் கை ஊன்றினார். ஈரச் சுண்ணாம்பில் கை பதிந்தது. நாக்கு வறண்டு, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே நின்றார்.

பூமாலை எழுந்து குடிசைக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீட்டினார். வைரக்கண்ணு வாங்கிக்கொண்டார். வாங்கியவர், சொம்பைப் பார்த்தபடி நின்றார்.

இங்கேதான் சிக்கல்.

முடிவு அ: அவர் குடிக்கிறார். கண் கலங்குகிறது. (இதை எழுதிப் பார்த்தேன். நன்றாக வருகிறது. வாசகருக்கு அவரை மன்னிக்க ஒரு வாய்ப்பு.)

முடிவு ஆ: தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் போகிறார். (இதுவும் நன்றாக வருகிறது. வாசகருக்கு அவரை வெறுக்க ஒரு வாய்ப்பு.)

முடிவு இ: கையைக் கழுவிக்கொண்டு சொம்பைத் தரையில் வைக்கிறார். (புத்திசாலித்தனமான முடிவு. பரிசு கூடக் கிடைக்கும்.)

எது நடந்தது என்று வேம்புவைக் கேட்டேன். "நாங்க பாக்கலியே" என்றார்.

நான் நம்பவில்லை. "அத்தன பேரு இருந்தீங்க, ஒருத்தர் கூடவா பாக்கல?"

"அவரு குடிச்சாரா இல்லியான்னு நின்னு பாக்கறதுதான் எங்களுக்கு வேலயா? சொம்ப குடுத்துட்டு பூமாலை அத்த திரும்பிக்கூடப் பாக்காம கூடத்துக்குள்ள வந்துட்டாங்க. நாங்களும் பின்னாடியே வந்துட்டோம். வெளிய சொவரு போச்சு, உள்ள நாலு சொவரு இருக்கே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று முடிவிலும் நான் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஷ்டப்பட்டுப் படம் போட்டவர்களை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, அவர் திருந்தினாரா இல்லையா என்பதைக் கதையாக்கப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்த பிறகும் ஆற்றங்கரையை அவர் பெயருக்கே எழுதிவைக்கப் பார்த்தேன்.

மாட்டேன்.

அவர் வெயிலில், கையில் சொம்போடு நிற்கிறார். குடிப்பாரா மாட்டாரா என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், நீங்கள் அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

உள்ளே மாயவன் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். வீராயி கரித்துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். "எங்கருந்து ஆரம்பிக்கலாம்?" என்று வேம்பு கேட்கிறார். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நான் உள்ளே போகிறேன்.